மூன்றாம் முறை பார்க்கச் சொன்னவன்

எங்கள் குடிநீர் வாரிய அலுவலகத்தில் இரண்டாவது மாடி, ஜன்னலோர மேஜை அவனுடையது. மண்ணுக்கடியில் ஓடும் குழாய்களுக்கு வரைபடம் போடுவது வேலை. எந்தத் தெருவில் எவ்வளவு ஆழத்தில் எந்தக் குழாய் போகிறது, எங்கே வளைகிறது, எங்கே வால்வு இருக்கிறது என்பதெல்லாம் அவன் கோட்டில்தான் இருக்கும். சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஆறங்குல ஸ்கேல். ஆளும் ஒல்லி, நெட்டை. அதனால் 'ஸ்கேல்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அடுத்த மேஜை என்னுடையது. இங்கே நான் எழுதுவது அவன் எனக்குச் சொன்னது. ஒரே நாளில் உட்கார்ந்து சொன்னதில்லை. ஆறேழு வருஷத்தில், துண்டு துண்டாக.

போர் வந்தபோது அவனுக்கு இருபத்து நான்கு வயது. வீட்டுக்குக் கடிதம் வந்தது, போனான். உடற்பரிசோதனை முடிந்ததும் ஒரு கணக்குப் பரீட்சை வைத்தார்கள். எல்லாம் முக்கோணக் கணக்கு. மற்றவர்கள் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது இவன் பாதி நேரத்தில் முடித்துக் கொடுத்துவிட்டு வெளியே வந்தான். "கணக்கு வராத மாதிரி நடிக்கத் தெரியலையேடா உனக்கு" என்று அவன் அக்கா இன்றைக்கும் சொல்வாள். நான்கு மாதப் பயிற்சிக்குப் பிறகு தோளில் நட்சத்திரம் குத்தி, லெப்டினன்ட் என்று சொல்லி, ஒரு பீரங்கிப் படைக்கு அனுப்பிவிட்டார்கள்.

அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மகன் அதிகாரி ஆகிவிட்டான் என்று முடிவெட்டும் கடையில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அம்மா மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். எதிரி இருக்கிற இடத்துக்கும் உனக்கும் எவ்வளவு தூரம் இருக்கும் என்று. எட்டு கிலோமீட்டர் என்றான். பஸ் டிரைவர் மனைவி இல்லையா, அவளுக்கு எல்லா தூரமும் ஸ்டாப் கணக்குதான். "ஆறு ஸ்டாப்" என்று மெல்லச் சொன்னாள். பிறகு அவன் பையில் துணி அடுக்க ஆரம்பித்தாள்.

அவர்களுடைய ஆறு பீரங்கிகளும் ஒரு பழைய செங்கல் சூளையின் முற்றத்தில் நின்றன. சூளை முதலாளி போட்டது போட்டபடி ஓடியிருந்தார். அவருடைய அலுவலக அறைதான் கட்டளை அறை. ஒரு இரும்பு பீரோ, ஒரு பெரிய மர மேஜை, சுவரில் இரண்டு வருஷத்துக்கு முந்தைய காலண்டர். மேஜை மேல் வரைபடப் பலகை, அட்டவணைப் புத்தகம், வயர்லெஸ், பீரங்கிகளுக்குப் போகும் தொலைபேசி. ஸ்கேல் உட்கார்ந்தது அங்கேதான்.

அவன் வேலையைச் சொல்லிவிடுகிறேன், ரொம்பச் சுலபம். பீரங்கிக்குக் கண் கிடையாது. முன்னால் ஒரு மேட்டில் இன்னொரு அதிகாரி தொலைநோக்கியோடு படுத்திருப்பார். அவர் எதிரியைப் பார்த்து, வரைபடத்தில் அந்த இடத்துக்குரிய ஆறு எண்களை வயர்லெஸில் சொல்வார். ஸ்கேல் அந்த இடத்தில் ஒரு குண்டூசியைக் குத்தி, தூரமும் திசையும் அளந்து, காற்றைக் கூட்டிக் கழித்து, பீரங்கியை எந்தப் பக்கம் எவ்வளவு திருப்ப வேண்டும், எவ்வளவு தூக்க வேண்டும் என்று சொல்வான். அவன் 'சுடு' என்றால் ஆறும் சுடும். குண்டு போய் விழ இருபத்து மூன்று விநாடி ஆகும்.

அந்த இருபத்து மூன்று விநாடிதான் அவனைத் தின்றது. வாயிலிருந்து போன எண்ணைத் திரும்ப எடுக்க முடியாது. ஏழு என்பதை ஒன்று என்று எழுதியிருந்தால்? காற்றைக் கூட்டுவதற்குப் பதிலாகக் கழித்திருந்தால்? நம் ஆள்கள் தலையிலேயே விழும். குழாய் வரைபடத்தில் தப்பு வந்தால் ஒரு தெரு தோண்டி மூடப்படும், மேலதிகாரி இரண்டு வார்த்தை திட்டுவார், அவ்வளவுதானே என்று அவன் என்னிடம் சொல்லியிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் உள்ளங்கை வேர்த்துப் பென்சில் வழுக்கும். ஒரு கணக்கை மூன்று தடவை போடாமல் வாயைத் திறக்க மாட்டான். பீரங்கிக்காரர்கள் வெளியே காத்துக்கொண்டிருப்பார்கள். "சார் பரீட்சை எழுதறாரு, சத்தம் போடாதீங்க" என்று சார்ஜென்ட் சொல்வாராம். சார்ஜென்ட் ஊரில் பேக்கரி வைத்திருந்தவர், முப்பது வயதுக்காரர். மாவு பிசைந்து பிசைந்து தடித்த கை அவருக்கு.

முன்னால் மேட்டில் படுத்திருந்தவன் ஸ்கேலுக்குப் பயிற்சியில் பக்கத்துக் கட்டில். ஊரில் மருந்துக்கடை நடத்தியவன். எல்லோரும் அவனை 'மருந்துக்கடை' என்றே கூப்பிட்டார்கள். எதற்கும் சிரிக்கிற ஆள். வயர்லெஸில்கூட, "காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டு, சாப்பாட்டுக்கு அப்புறம்" என்று குண்டு கேட்பான். படைக்குத் தலைவரான மேஜருக்கு அது பிடிக்காது. ஸ்கேலுக்கு அந்தக் குரலைக் கேட்டால்தான் கொஞ்சம் மூச்சு வரும்.

மூன்றாவது வாரம் எதிரியின் பீரங்கிகள் சூளையைக் கண்டுபிடித்துவிட்டன. காலை ஒன்பது மணி இருக்கும். முதல் குண்டு சூளைக்கு அப்பால் விழுந்தது, இரண்டாவது இப்பால். பீரங்கிக்காரனுக்கு அதன் அர்த்தம் தெரியும். மூன்றாவது நடுவில் விழும். வெளியே ஓடி ஆள்களைப் பள்ளத்தில் இறக்க வேண்டியவன் ஸ்கேல். அவன் கால் அசையவில்லை. எப்படி என்றே தெரியாமல் அந்த மர மேஜைக்குக் கீழே போய்ச் சுருண்டிருந்தான். நெஞ்சுக்குள் யாரோ முஷ்டியால் குத்துவதுபோல ஒவ்வொரு வெடிப்பும். வாயில் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தான். அது முறிந்து கரித்துண்டு நாக்கில் ஒட்டியதுகூடத் தெரியவில்லை. தெரிந்த வார்த்தை எல்லாம் மறந்து போய், அக்காவின் பெயர் மட்டும்தான் தலைக்குள் ஓடியது. ஏன் அக்கா பெயர் என்று அவனுக்கு இன்றைக்கும் தெரியாது.

எட்டு நிமிடம். நின்றதும் கதவைத் தள்ளிக்கொண்டு சார்ஜென்ட் வந்தார். மேஜைக்குக் கீழே குனிந்து பார்த்தார். ஸ்கேல் வெளியே வரப் பார்த்தான், முடியவில்லை, முழங்கால் பூட்டிக்கொண்டுவிட்டது. செத்தேன், இனி இந்த ஆள்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று நினைத்தான். சார்ஜென்ட் தன் கால்சட்டையைக் காட்டினார். முன்பக்கம் முழுக்க ஈரம்.

"தண்ணி கேன் கவிழ்ந்துடுச்சுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன். வெளியே யாரும் கேட்டா நீங்களும் அதையே சொல்லுங்க சார்."

அன்றைக்கு நான்காம் பீரங்கியில் குண்டு எடுத்துக் கொடுக்கிறவர் இறந்துபோனார். தையல்காரர். முந்தின நாள்தான் ஸ்கேலின் சட்டைப் பொத்தானைத் தைத்துக் கொடுத்திருந்தார். பிறகு அந்தச் சட்டையைப் போடவே அவனுக்குப் பயமாக இருந்தது. இருந்தது இரண்டே சட்டை, அதனால் போட்டுக்கொண்டான்.

நான் சொல்ல வந்தது அதற்கு ஒன்பது நாள் கழித்து நடந்தது.

அன்றைக்குக் காலையிலிருந்தே முன்வரிசை ஆட்டம் கண்டிருந்தது. ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருந்த நம் காலாட்படை பின்வாங்கிவிட்டது என்று ஒரு செய்தி, இல்லை, பாதிதான் வந்திருக்கிறது என்று இன்னொரு செய்தி. மருந்துக்கடை இருந்த மேட்டிலும் குண்டு விழ, அவன் வயர்லெஸ்காரனோடு வேறொரு மேட்டுக்கு நகர்ந்துகொண்டிருந்தான். நடுவில் ஒரு மணி நேரம் அவனிடமிருந்து சத்தமே இல்லை. அந்த நேரத்தில்தான், பத்து மணி வாக்கில், காலாட்படையிடமிருந்து ஒரு வரித் தகவல் வந்தது. காயம்பட்டவர்களை வைத்திருக்கும் முதலுதவி இடத்தை ஆற்றோரப் பால் பண்ணைக்கு மாற்றுகிறோம் என்று. ஸ்கேல் வரைபடத்தில் அந்த இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்தான்.

பிற்பகல் மூன்று மணிக்கு மருந்துக்கடையின் குரல் வந்தது. சிரிப்பு இல்லை. மூச்சு வாங்கியது. ஆற்றுக்கு இந்தப் பக்கமே எதிரி வந்துவிட்டான், சிவப்பு ஓட்டுக் கட்டிடம், முற்றத்தில் நாற்பது ஐம்பது பேர் கூடியிருக்கிறார்கள், ஆறு பீரங்கியும் வேண்டும், உடனே வேண்டும் என்றான். எண்களைச் சொன்னான். ஸ்கேல் குண்டூசியைக் குத்தினான். அது நேராகப் பென்சில் குறியின்மேல் போய் நின்றது.

அவன் பக்கத்தில் நின்றிருந்த மேஜரிடம் குறியைக் காட்டினான். மேஜர் நாற்பது மணி நேரமாகத் தூங்காத மனிதர். கண் இரண்டும் சிவந்திருந்தன. அது பத்து மணித் தகவல், பன்னிரண்டு மணிக்கே அங்கிருந்து எல்லோரும் பின்வாங்கியாயிற்று, இப்போது அங்கே இருப்பது எதிரி என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்த எதிரியை அப்படியே விட்டால் இருட்டுவதற்குள் சூளை வாசலுக்கு வந்துவிடுவான். ஸ்கேலுக்குச் சுட்டாலும் பயம், சுடாவிட்டாலும் பயம். கணக்கை மூன்று தடவை போட்டான், மூன்று தடவையும் சரியாகவே வந்தது. இந்தத் தடவை சந்தேகம் கணக்கில் இல்லை.

ஆறு பீரங்கியும் குண்டேற்றி நின்றன. ஜன்னல் வழியே சார்ஜென்ட் தெரிந்தார், சுடும் கயிறு கையில்.

அங்கே நம் காயம்பட்டவர்கள் இருக்கலாம் என்று வயர்லெஸில் சொல்ல முடியாது, எதிரியும் கேட்டுக்கொண்டிருப்பான். ஸ்கேல் வயர்லெஸை எடுத்து, நல்லா பாரு, அது எதிரிதானா என்று மட்டும் கேட்டான். எதிரிதான் என்று பதில் வந்தது. எப்படித் தெரியும் என்றான். இந்தப் பக்கம் வேற யாரு இருப்பாங்க என்றான் மருந்துக்கடை. பார்த்துச் சொல்லு, ஊகமாச் சொல்லாதே என்றான் ஸ்கேல். கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு, ரெண்டு ரெண்டு பேரா நீளமா எதையோ தூக்கிட்டுப் போறாங்க, குண்டுப் பெட்டியா இருக்கும், எதிரிதான் என்றான். அவன் குரல் கடைசி வார்த்தையில் கொஞ்சம் தேய்ந்தது. வேறு யாருக்கும் அது கேட்டிருக்காது. நான்கு மாதம் பக்கத்துக் கட்டிலில் படுத்தவனுக்குக் கேட்டது.

மேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். "சுடச் சொல்லு."

"இன்னும் ஒரு தடவை பார்க்கச் சொல்றேன் சார்."

"இது கட்டளை. புரியுதா உனக்கு?"

அவனுக்குப் புரிந்தது. கட்டளையை மீறிய அதிகாரியை என்ன செய்வார்கள் என்று பயிற்சியிலேயே படித்துக் காட்டியிருந்தார்கள். அப்பா முடிவெட்டும் கடைக்கு இனி எப்படிப் போவார் என்றுகூட அந்த நேரத்தில் தோன்றியதாம். தைரியம் வந்து மறுத்தேன் என்று நினைக்காதே என்று என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறான். மேஜரைப் பார்த்தும் பயம், ஆனால் அந்த இருபத்து மூன்று விநாடியைப் பார்த்து அதைவிடப் பயம். பெரிய பயம் சின்னப் பயத்தைத் தள்ளிவிட்டது, அவ்வளவுதான் என்பான்.

தொலைபேசியைக் கையால் மூடிக்கொண்டு வயர்லெஸில் சொன்னான்: "மச்சான், இன்னும் ஒரு தடவை பாரு. அவங்க தூக்கிட்டுப் போறது என்னன்னு சொல்லு. சொன்னாத்தான் சுடுவேன்."

மருந்துக்கடை ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். மேஜர் அறையைவிட்டு வெளியே போய், திரும்பவும் உள்ளே வந்தார். ஸ்கேல் அந்தப் பென்சில் குறியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"துணிக்கொடி கட்டியிருக்காங்க" என்றது வயர்லெஸ். "வெள்ளையா, நீள நீளமா காயுது. பேண்டேஜ்டா. துவைச்சுப் போட்டிருக்காங்க. தூக்கிட்டுப் போறது கட்டில். அடக் கடவுளே, நம்ம ஹெல்மெட். நம்ம ஆளுங்கடா. சுடாதே, சுடா..."

அங்கேயே அறுந்தது. அவன் பேச்சு அறுந்து, பிறகுதான் தூரத்தில் அந்த வெடிச்சத்தம் வந்து சேர்ந்தது. ஸ்கேல் அவனைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். இரைச்சல்தான் வந்தது.

தொலைபேசியை மேஜரே எடுத்து, பீரங்கிகளிலிருந்து குண்டை எடுத்துவிடச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் மேட்டிலிருந்து வயர்லெஸ்காரனின் குரல் வந்தது. அதிகாரிக்கு அடிபட்டுவிட்டது, உயிர் இருக்கிறது, எதிர்க்கரையிலிருந்து இன்னும் குண்டு போடுகிறார்கள், தூக்கிக்கொண்டு இறங்க முடியவில்லை. புகைக் குண்டு போட்டு மேட்டை மறைத்தால் இறங்கலாம்.

மேட்டுக்கும் ஆற்றுக்கும் நடுவில் இருநூறு அடிதான் இடைவெளி. அந்த இடைவெளியில் புகை விழ வேண்டும். கொஞ்சம் பிசகினால் மருந்துக்கடையின் தலைமேல். ஸ்கேலால் பென்சிலைப் பிடிக்கவே முடியவில்லை. எடுக்க எடுக்கக் கீழே விழுந்தது. சார்ஜென்டை உள்ளே கூப்பிட்டான். இவன் சொல்லச் சொல்ல அவர் அந்தத் தடித்த விரல்களால் எழுதினார், ரொட்டிக் கணக்கு எழுதுகிறவர் மாதிரி பெரிய பெரிய எண்களாக. மூன்று தடவை. பிறகு சுடச் சொன்னான். எண்ண ஆரம்பித்தான். பதினேழு வரைதான் ஞாபகம் இருக்கிறது என்கிறான். புகை சரியான இடத்தில் விழுந்தது என்று வயர்லெஸ்காரன் சொன்னபோது சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று வாந்தி எடுத்தான்.

பால் பண்ணையில் அன்றைக்கு அறுபத்து இரண்டு பேர் இருந்தார்கள். அதில் எழுந்து ஓடக்கூடியவர்கள் பதினொரு பேர்.

மேஜர் அறிக்கையில், இலக்கு உறுதியாகாததால் சுடவில்லை என்று ஒரே வரி எழுதினார். ஸ்கேலைப் பாராட்டவும் இல்லை, தண்டிக்கவும் இல்லை. அதற்குப் பிறகு ஸ்கேலைப் பார்க்கும்போதெல்லாம் அவர் வேறு எதையாவது தேடுவதுபோல மேஜைப் பக்கம் திரும்பிக்கொள்வாராம்.

இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் அனுமதி வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். பள்ளிக்கூடம் ஒன்றை ஆஸ்பத்திரியாக்கியிருந்தார்கள். கரும்பலகையில் மருந்து நேரம் எழுதியிருந்தது. மருந்துக்கடைக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. போர்வை அந்த இடத்தில் தட்டையாகக் கிடந்தது. ஸ்கேல் அதைப் பார்க்காமல் இருக்கப் படாத பாடு பட்டான். கொண்டுபோன பிஸ்கட் பொட்டலத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தான்.

மருந்துக்கடைதான் முதலில் பேசினான். "வெயில் நேரா முகத்துல. ஒவ்வொரு தடவையும் தலையைத் தூக்கித்தான் பார்க்கணும். தொலைநோக்கி மின்னினா எதிர்க்கரையில பார்த்துடுவாங்கன்னு தெரியும். ரெண்டு தடவை பார்த்தது போதாதாடா உனக்கு?"

"ரெண்டு தடவையும் எதிரின்னுதான் சொன்ன. ஆனா உன் குரல் நிச்சயமா இல்ல."

மருந்துக்கடை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"இல்லதான்" என்றான். "பயத்துல சொன்னேன். சீக்கிரம் சுட்டுட்டா அங்கிருந்து இறங்கிடலாம்னு இருந்துச்சு."

இதை யாரிடமும் சொல்லிவிடாதே என்றான். ஸ்கேல் தலையாட்டினான். வாசலைத் தாண்டியதும் பிஸ்கட் பொட்டலம் இன்னும் கையிலேயே இருப்பதைப் பார்த்தான். திரும்பி உள்ளே போகத் தைரியம் வரவில்லை. தாழ்வாரத்தில் படுத்திருந்த யாரோ ஒருவருக்குக் கொடுத்துவிட்டுப் போனான்.

அடுத்த ஐந்து மாதமும் அதே சூளை, அதே பலகை. பயம் குறையவே இல்லை. பழகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள், பழகவில்லை. போர் நின்ற அன்று பீரங்கிக்காரர்கள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டபோது இவன் உள்ளே உட்கார்ந்து, கடைசியாகச் சுட்ட குண்டின் கணக்கை மறுபடி சரிபார்த்துக்கொண்டிருந்தான். சரியாகத்தான் இருந்தது.

ஊருக்கு வந்தான், பழைய மேஜைக்கே வந்தான். எங்காவது கதவு அறைந்து மூடினால் அவன் உதடு அசையும். எண்ணுகிறான் என்று எனக்குத் தெரியும். இருபத்து மூன்று வந்ததும் பென்சிலை மறுபடி எடுப்பான். முதல் வருஷம் அலுவலகத்தில் சிலர் வேண்டுமென்றே டிராயரை அறைந்து பார்த்தார்கள். நான்தான் போய்ச் சத்தம் போட்டேன். வீட்டில் அப்பா, எத்தனை பேரைச் சுட்டாய் என்று ஒரு தடவை கேட்டிருக்கிறார். தெரியாது என்றான். உண்மையிலேயே தெரியாது, அதுதான் அவனுக்கு மிகப் பெரிய பயம். விழுந்த இடத்தை ஒரு தடவைகூட அவன் பார்த்ததில்லை. அறுபத்து இரண்டைச் சொல்ல முடிகிறவனுக்கு அந்த இன்னொரு எண் தெரியாது.

மருந்துக்கடையோடு நான்கு வருஷம் பேச்சே இல்லை. ஐந்தாம் வருஷம் அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி வந்தது. நான்தான் எடுத்தேன். ஒரு பெண் குரல், மருந்துக்கடையின் மனைவி என்றாள். பெண் குழந்தை பிறந்திருக்கிறது, வந்து பார்க்கச் சொல்கிறார் என்றாள். ஸ்கேலிடம் கொடுத்தேன். சரிம்மா, சரிம்மா என்று இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அன்று முழுக்க அவன் ஒரு கோடுகூடப் போடவில்லை. நான் போகவா வேண்டாமா என்று சாயங்காலம் என்னைக் கேட்டான். நானும் கூட வருகிறேன் என்றேன்.

மருந்துக்கடை கட்டைக்கால் மாட்டிக்கொண்டு கல்லாவுக்குப் பின்னால் நின்றிருந்தான். தலை கொஞ்சம் நரைத்திருந்தது. இவனைப் பார்த்ததும், "என்னடா, ஸ்கேல் வளையலையே இன்னும்" என்றான். ஸ்கேலுக்குச் சிரிப்பு வரவில்லை, முகம்தான் ஒரு மாதிரி கோணிக்கொண்டது. மாடியில் வீடு. டீ குடித்தோம். போரைப் பற்றி இரண்டு பேருமே வாயைத் திறக்கவில்லை. மருந்து விலை, குழாயில் தண்ணீர் வராதது, குழந்தைக்கு என்ன பெயர் வைப்பது என்று மாமியார் வீட்டோடு நடக்கும் சண்டை, இதெல்லாம்தான். கிளம்புகிற நேரத்தில் மருந்துக்கடை, எங்கேயோ பார்த்துக்கொண்டு, இன்னும் கனவு வருதா என்று கேட்டான். வருது என்றான் ஸ்கேல். எனக்கும் என்றான் அவன்.

கீழே கடைக்கு யாரோ வந்து மணியடித்தார்கள். மருந்துக்கடையின் மடியில் குழந்தை. மனைவி குளித்துக்கொண்டிருந்தாள். எழுந்திருக்க அவனுக்கு இரண்டு கையும் வேண்டும். "இந்தா, கொஞ்சம் பிடி" என்று ஸ்கேலிடம் நீட்டினான். ஸ்கேல் என்னைப் பார்த்தான். நான் வாங்கிக்கொள்ளவில்லை. தலையைப் பிடி, கழுத்து நிக்காது என்று சொல்லிவிட்டு மருந்துக்கடை ஒவ்வொரு படியாக இறங்கிப் போனான்.

ஸ்கேல் குழந்தையை வாங்கிக்கொண்டு அப்படியே நின்றான். நெற்றியில் வேர்வை. எதிலே சாய்வது, எப்படி உட்காருவது என்று தெரியவில்லை அவனுக்கு. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. கீழே ஏதோ இருமல் மருந்துக்கு எத்தனை வேளை என்று யாரோ கேட்க, மருந்துக்கடை பொறுமையாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான்.